மார்பில் போட்ட கோடு

ஆசிரியைக்கு வயது முப்பத்தாறு. மாணவருக்கு ஐம்பத்தொன்பது.

ஆசிரியையின் பெயர் ஜெசிந்தா. அரசுப் புற்றுநோய் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வருகிறவர்களை நடக்க வைப்பதும், கைகால்களை அசைக்க வைப்பதும் அவர் வேலை. மாணவர் பரஞ்சோதி அந்த ஊரில் முப்பது வருடமாக யோகா கற்றுக்கொடுப்பவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். நோயாளிகளுக்குச் சம்பளம் வாங்காமல் பயிற்சி தருவதாக அவர் எழுதிக் கொடுத்தபோது, டீன் அவரை ஜெசிந்தாவிடம் அனுப்பினார்.

"ஒரு மாசம் என்கூட இருந்து பாருங்க சார். அப்புறம் நீங்க சொல்லிக் கொடுக்கலாம்."

"எத்தனையோ பேரை உருவாக்கியிருக்கேன் மேடம்."

"தெரியும் சார். எங்க அண்ணனே உங்ககிட்ட படிச்சவர்தான். ஒரு மாசம்."

முதல் நாள் ஜெசிந்தா மூன்று விஷயம் சொன்னார். நோயாளி பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். நோயாளி போதும் என்றால் போதும். கோடு நனையக் கூடாது.

கோடு என்பது கதிர் எங்கே விழ வேண்டும் என்று தோலில் மையால் போடுகிற அடையாளம். அதை வைத்துத்தான் தினமும் ஆளைப் படுக்க வைத்து இயந்திரத்தைப் பொருத்துவார்கள். சிகிச்சை முடிகிறவரை, ஐந்தாறு வாரம், அது அழியக் கூடாது. சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, தேய்க்கக் கூடாது.

பரஞ்சோதி மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதும்போது லேசாகச் சிரித்தார்.

அவர்களிடம் வந்தவர்களில் ஒருவர் சீனிமுத்து. தச்சு வேலை. உணவுக்குழாயில் புற்று. கரண்ட் என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு வைத்தால் அசதி வரும், அசையாமல் கிடக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முதல் வாரம் முழுவதும் கட்டிலிலேயே கிடந்தார். ஜெசிந்தா அவரை எழுப்பி வராந்தாவில் மூன்று நிமிடம் நடக்க வைத்தார். பிறகு ஐந்து. பிறகு பத்து. பத்து நிமிடம் நடந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் வந்தது. ஒரு தம்ளர் கஞ்சி முழுதாக இறங்கியது.

"ஏம்மா, இது மருந்தா, வேலையா?" என்று கேட்டார் சீனிமுத்து.

"ரெண்டும்தான் அண்ணாச்சி."

"வேலைன்னா கூலி தரணும்லா?"

"கஞ்சி இறங்குதுல்ல? அதான் கூலி."

மூன்றாவது வாரம் ஜெசிந்தாவுக்குச் சென்னையில் மூன்று நாள் பயிற்சி. "நடை மட்டும் போதும் சார். வராந்தாவிலேயே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பரஞ்சோதி அப்படியே செய்தார். செவ்வாய்க்கிழமை ஆறு பேரை முற்றத்துக்கு அழைத்துப் போய்ச் சூரிய நமஸ்காரம் ஆரம்பித்தார். காலை பத்தரை மணி வெயில். நாலாவது சுற்றில் ஐந்து பேர் நிழலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சீனிமுத்து மட்டும் நின்றார்.

ஏழாவது சுற்றில் அவரும், "போதும் மாஸ்டர்," என்றார்.

"உடம்பு அப்படித்தான் சொல்லும். அது சொல்றதைக் கேட்டா அதுதான் ஜெயிக்கும்."

"மூச்சு வாங்குது மாஸ்டர்."

"பன்னிரண்டு முடிச்சா நீங்க நோயாளியே இல்லை. என்ன, சோம்பலா?"

சீனிமுத்து பன்னிரண்டையும் முடித்தார். சட்டை முதுகோடும் மார்போடும் ஒட்டிக்கொண்டது. பரஞ்சோதி கை தட்டினார். நிழலில் இருந்தவர்கள் தட்டவில்லை.

பதினோரு மணிக்குக் கதிர்வீச்சு அறை வாசலில் சீனிமுத்துவின் முறை வந்தது. பரஞ்சோதி அவருடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். டெக்னீஷியன் அப்பாஸ், சீனிமுத்து சட்டையைக் கழற்றியதும் ஒரு நிமிடம் பார்த்தார்.

"எங்கய்யா கோடு?"

மார்பில் நீலமாக ஒரு கறை இருந்தது. கோடு இல்லை.

"என்ன பண்ணித் தொலைச்சீரு? அழியக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

சீனிமுத்து பரஞ்சோதியைப் பார்க்கவில்லை. "சோப்புப் போட்டுக் குளிச்சிட்டேன் சார். மறந்துபோச்சு. ஒரு பென்சில் குடுத்தா நானே போட்டுருவேன், நம்ம தொழில்தான்."

"இது என்ன கதவா, நிலையா? மறுபடி ஸ்கேன் எடுத்துத்தான் போடணும். ஸ்கேனுக்கு நாலு நாள் காத்திருக்கணும். நாலு நாளும் கரண்ட் கிடையாது. இது யாரு உடம்பு? என் உடம்பா?"

வரிசையில் முப்பது பேர் இருந்தார்கள். பரஞ்சோதி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார். பிறகு மூடினார்.

"இனிமே இந்த ஆளு வார்டைவிட்டு வெளிய வரக் கூடாது. நடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றார் அப்பாஸ். டாக்டரும் அப்படியே சீட்டில் எழுதிவிட்டார்.

வார்டுக்குத் திரும்பும் வழியில் பரஞ்சோதி தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வாத்தியாரை நாலு பேர் முன்னால திட்டக் கேட்கணுமா மாஸ்டர்? எனக்குத் திட்டு பழக்கம். வேலைக்குப் போற வீட்ல எல்லாம் திட்டுவாங்க." சீனிமுத்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். "அடுத்த தடவை நாலோட நிறுத்திக்கிடுவோம்."

வியாழக்கிழமை ஜெசிந்தா திரும்பி வந்தார். சீனிமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கஞ்சி தொடப்படாமல் ஆடை கட்டியிருந்தது. ஜெசிந்தா டாக்டரிடம் போய் நடைக்கு அனுமதி கேட்டார்.

"இன்னொரு தடவை அழிச்சார்னா யார் பொறுப்பு?" என்றார் டாக்டர்.

ஜெசிந்தா தன் அறைக்கு வந்து உட்கார்ந்தார். பரஞ்சோதி எதிரே உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், சொன்னா கேட்காத நோயாளிக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?"

"யாரைச் சொல்றீங்க சார்?"

"சீனிமுத்துவைத்தான்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெசிந்தா மேஜை டிராயரிலிருந்து கோடு போடுகிற மைப் பேனாவை எடுத்தார். "கையை நீட்டுங்க."

அவருடைய மணிக்கட்டு ரேகைமேல் தன் நாலு விரலை வைத்து அளந்து, அதற்கு மேலே ஒரு சிலுவைக் கோடு போட்டார்.

"திங்கட்கிழமை வரைக்கும் இதைக் காப்பாத்திட்டு வாங்க. அப்புறம் பதில் சொல்றேன்."

முதல் நாள் சுலபமாக இருந்தது. வெள்ளிக்கிழமை சோப்புப் போடவில்லை. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். தூக்கத்தில் கைமேல் படுத்துவிடுவோமோ என்று இரண்டு தடவை விழித்தார். சனிக்கிழமை காலை வகுப்பில் நாற்பது பேர். வகுப்பு முடிந்து பார்த்தபோது கையில் ஒரு நீலக் கறை இருந்தது.

அவர் கடைத்தெருவுக்குப் போய் அதே மாதிரி பேனா ஒன்று வாங்கினார். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அதே மாதிரி ஒரு சிலுவைக் கோடு போட்டார்.

திங்கட்கிழமை ஜெசிந்தா அவர் கையைப் பிடித்து மணிக்கட்டின் மேல் நாலு விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"இது நான் போட்டது இல்லையே சார்."

பரஞ்சோதி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். ஜெசிந்தா விடவில்லை.

"எப்போ அழிஞ்சது?"

"சனிக்கிழமை."

"எதுல?"

"வியர்வையில."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"வெட்கமா இருந்துச்சு."

"அரை விரல் தள்ளிப் போட்டிருக்கீங்க. கையில போனாப் போகுது. மார்புல அரை விரல் தள்ளினா கரண்ட் இருதயத்துல விழும்." அவர் கையை விட்டார். "சீனிமுத்து அண்ணாச்சி கோடு போட்டே பிழைக்கிற ஆளு. அவர்கூட அழிஞ்சதை அழிஞ்சதாத்தான் காட்டினார்."

பரஞ்சோதி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் அழிக்கலை மேடம்," என்றார். "சோப்பும் இல்ல, குளியலும் இல்ல. வெயில்ல பன்னிரண்டு நமஸ்காரம் செய்ய வெச்சேன். ஏழுலயே போதும்னார். சோம்பலான்னு கேட்டேன். அப்பாஸ் திட்டும்போது பக்கத்துலதான் நின்னேன்."

ஜெசிந்தா மேஜைமேல் இருந்த பேனாவை மூடி டிராயரில் போட்டார்.

"இதை இங்க சொல்லி என்ன சார்? இந்த ரூம்ல யாரும் அவரைத் திட்டலை."

பரஞ்சோதி எழுந்தார். கதிர்வீச்சு அறை வாசலில் வரிசை நின்றது. அன்றைக்கும் முப்பது பேர் இருக்கும். அப்பாஸ் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு விஷயம் சொல்லணும்."

"உள்ள வாங்க மாஸ்டர், உட்கார்ந்து பேசலாம்."

"இல்ல, இங்கேயே."

அவர் சொன்னார். பன்னிரண்டு நமஸ்காரத்தையும், திட்டும்போது பக்கத்தில் நின்றதையும். வரிசையில் முன்னால் இருந்த ஒரு அம்மாள், மாஸ்டருக்குப் பெஞ்சில் இடம் கொடுக்க நகர்ந்து உட்கார்ந்திருந்தவர், பையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டார்.

அப்பாஸ் சட்டென்று திட்டவில்லை. "ஒரு வாரமா அந்த மனுஷனைப் பார்க்கும்போதெல்லாம் திட்டியிருக்கேன்," என்றார். "ஒரு வார்த்தை சொல்லலையே மாஸ்டர், நீங்க." பிறகு மாஸ்டர் என்று சொன்னது அவருக்கே உறுத்தியது போல, அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

மத்தியானம் டாக்டர் சீட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நடை என்று மறுபடி எழுதினார். பரஞ்சோதியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"ஒரு மாசம்னு சொல்லியிருக்கேன் டாக்டர். இன்னும் ஒரு வாரம் இருக்கு," என்றார் ஜெசிந்தா.

மறுநாள் காலை பரஞ்சோதி வந்தபோது, சீனிமுத்து வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். போன வாரம் கைவீசி நடந்தவர் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சட்டைப் பொத்தான் திறந்திருந்த இடத்தில் புதுக் கோடு நீலமாகத் தெரிந்தது. ஜெசிந்தா வராந்தாவின் இந்தக் கோடியில் கடிகாரத்தைப் பார்த்து நின்றார்.

பரஞ்சோதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எதுக்கு சார்?"

"அவர் கால்ல விழணும் மேடம்."

"நீங்க விழுந்தா அவர் நின்னுருவார்," என்றார் ஜெசிந்தா. "அவருக்கு இன்னும் ஏழு நிமிஷம் நடை இருக்கு. கூடப் போங்க."