காது காலி செய்த வீடு

மிருகமும் பறவையும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிய அந்தக் காலத்தில் பச்சோந்திக்கும் காது இருந்தது. நல்ல காது. அதனால்தான் குளக்கரை வாகை மரத்தில் அதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது, பருந்தின் சிறகுச் சத்தம் கேட்டால் அது குரல் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை.

ஒரு மழைநாளில் மரத்தின் உச்சிக் கிளையில் இடி விழுந்தது. பச்சோந்தி பிழைத்தது, காது பிழைக்கவில்லை.

விஷயம் எப்படியோ காவலுக்கு ஆள் வைக்கும் கௌதாரிக்கு எட்டியது. காவலைச் சோதிக்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. பின்னால் நின்று கூப்பிடுவார்கள், திரும்ப வேண்டும். கௌதாரி தொண்டை கிழியக் கத்தியது. பச்சோந்தி பாட்டுக்கு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கௌதாரி முன்னால் வந்து மரத்தைக் காட்டி, தரையைக் காட்டியது. "நாளைக்கு இறங்கிடு அக்கா. கோவிச்சுக்காதே."

சொன்னது கேட்கவில்லை, புரிந்தது. தரையில் பாம்பு உண்டு. பச்சோந்தி நடக்கிற நடைக்கு அங்கே ஒரு நாள் தாங்காது. அது பயந்துபோனது.

அன்று சாயங்காலம் தன் கண்களைக் கூப்பிட்டது. தன் கண்ணோடு பேசக் காது எதற்கு?

அப்போதெல்லாம் இரண்டு கண்ணும் தலைக்குள் ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம். ஒன்று பார்க்கும் பக்கமே மற்றதும் பார்த்தாக வேண்டும்.

"காது இருந்த வீடு சும்மாதான் கிடக்கு. உங்கள்ல ஒருத்தர் அங்க போயிடுங்க" என்றது பச்சோந்தி.

"அது திரும்பி வந்தா?" என்று கேட்டது இடது கண்.

"வராது" என்றது பச்சோந்தி.

இடது கண் குடிபோனது. பார்வை ஒன்றும் கூர்மையாகிவிடவில்லை. எறும்பு அதே எறும்பாகத்தான் தெரிந்தது. ஆனால் அதுவரை கண்டுகொள்ளாத ஓரங்களில் எது அசைந்தாலும் சட்டென்று பட்டது.

மறுநாள் காலை பச்சோந்தி மரத்திலிருந்து இறங்கத் தொடங்கியபோது எல்லோரும் தண்ணீரில் வாய் வைத்திருந்தார்கள். காவலுக்கு முயலை நிறுத்தியிருந்தார்கள். காதுக்குக் குறைச்சலே இல்லை. பருந்தோ சிறகை அசைக்காமல் சறுக்கி வந்தது. முயலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பச்சோந்தியின் வலது கண் தரையில் பாம்பைத் தேடிக்கொண்டிருக்க, இடது கண்ணில் வால் பக்கமாக ஒரு நிழல் நகர்ந்தது.

"பருந்து, ஓடுங்க" என்று கத்தியது. கரை காலியானது. பருந்து ஏமாந்து திரும்பியது.

"உனக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றது புதருக்குள்ளிருந்து முயல். அதுவும் பச்சோந்தியின் காதில் விழவில்லை. கௌதாரி வந்து, அதன் கண்ணில் படும்படி நின்று, மரத்தைக் காட்டியது.

பச்சோந்தியின் தலையில் காதுத் துளை இல்லாததும், ஒரு கண் முன்னே பார்க்க மற்றது பின்னே பார்ப்பதும், மரத்தை விட்டு இறங்கு என்று அதனிடம் யாரும் சொல்லாததும் அன்று முதல்தான்.