வௌவால் வாயில் கஞ்சாக் கிளை

விலங்கும் பறவையும் மனிதரோடு ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வௌவாலும் மற்றவர்களைப் போலத் தலை மேலே, கால் கீழே என்றுதான் கிளையில் உட்கார்ந்திருக்கும். சொந்தமாக அதற்கென்று ஒரு குரல் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. இருந்திருந்தாலும் யாரும் அதைக் கேட்டதில்லை. ஆனால் அந்த மலையில் இருந்த எல்லாருடைய குரலும் அதன் தொண்டைக்குள் குடியிருந்தது. காக்கையின் குரலில், "சோறு வெச்சாச்சு, வாங்கப்பா" என்று கூப்பிடும். காக்கைக் கூட்டமே பறந்து வந்து மொட்டைப் பாறையைப் பார்த்து முழிக்கும். பெண் குரங்கின் குரலில் புருசன் குரங்கைத் திட்டும். அவனும் என்ன தப்புச் செய்தோம் என்றே தெரியாமல் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பான்.

அதே மலையில் மருதியும் அவள் புருசன் மசணனும் இருந்தார்கள். மசணன் தேனெடுக்கிறவன். செங்குத்துப் பாறையில் கொடி கட்டித் தொங்கித் தேனெடுக்கையில் கொடி அறுந்து விழுந்தான், இடுப்பு முறிந்துபோயிற்று. எலும்பு எப்படியோ கூடிவிட்டது, வலி மட்டும் போகவில்லை. வலியில் தூக்கமில்லை, தூக்கமில்லாததால் சோறு இறங்கவில்லை. மலையையே தோளில் தூக்குவான் போலிருந்த ஆள், பாயில் பாயாகக் கிடந்தான். இன்னும் கொஞ்ச நாள் தூங்காமல் கிடந்தால் ஆள் மிஞ்சமாட்டான் என்று மருதிக்குத் தெரிந்தது.

குடிசைக்குப் பின்னால் அவள் வளர்த்த கஞ்சாச் செடி ஒன்று நின்றது. அதன் புகை வலியை மழுக்கும், தூக்கத்தைக் கூட்டி வரும் என்று கேள்விப்பட்டிருந்தாள். பூவின் வெள்ளை மயிர் பழுத்துச் செம்பட்டை ஆனதும் அறுத்தாள். அறுத்த பிறகுதான் சிக்கலே. பச்சைப் பூ நெருப்பில் பிடிக்காது. அதை எப்படி உலர்த்துவது என்று அந்த மலையில் யாருக்கும் தெரியாது.

அவள் யோசித்துக்கொண்டு நிற்கையில் மரத்திலிருந்து காக்கை பேசியது. "இதுக்குப் போயி இவ்வளவு யோசனையா அக்கா? ராகி எங்க காயுது? கருவாடு எங்க காயுது? பாறையில போடு. வெயில் பாத்துக்கும்."

வெயில் சமாச்சாரம் காக்கைக்குத் தெரியாதா என்று பாதிப் பூவைப் பாறையில் பரப்பினாள். பொழுது சாய்வதற்குள் பூ மொறுமொறுவென்று காய்ந்தது. பச்சை வெளுத்து, வாசம் போய், வைக்கோலாய்க் கிடந்தது. புகை இழுக்கும் மண் சிலும்பியில் இட்டுக் கொடுத்தாள். மசணன் ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். தொண்டையில் முள்ளை வைத்துத் தேய்த்தது போல இருமல் பிடித்தது. ஒவ்வொரு இருமலும் நேராக இடுப்பில் போய் இடித்தது.

"புள்ள, என்னைக் கொல்றதுன்னா கல்லைத் தூக்கிப் போடேன்," என்றான் மசணன். "சீக்கிரம் முடிஞ்சிடும்."

மறுநாள் வாய்க்கால் ஓரத்துச் சேற்றிலிருந்து தேரை பேசியது. "அம்மாடி... வெயில்... ஆகாது. ஈரம் போகாம... பானையில அடைச்சு... வாயைக் கட்டு... எல்லாம் நெதானமா... ஆகட்டும்."

மிச்சத்தில் பாதியைப் பானையில் அமுக்கி வாயைக் கட்டினாள். சில நாள் கழித்துத் திறந்தபோது பூவின்மேல் சாம்பல் பூத்தது போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. குப்பையில் கொட்டினாள்.

அதைப் பார்த்து மரத்தின் மேல் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காக்கையும் பேசவில்லை, தேரையும் பேசவில்லை. இரண்டும் நம்ம வௌவாலின் வேலை.

சிரிப்பு அடங்கவில்லை. குரங்குகளைக் கூட்டி வைத்து, காக்கையாகவும் தேரையாகவும் மாறி மாறி நடித்துக் காட்டியது. குரங்குகள் கிளையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தன. கடைசியில், "இப்ப மசணன்," என்று சொல்லி, அவன் முனகலை அப்படியே முனகியது.

ஒரு குரங்கும் சிரிக்கவில்லை.

கீழே மருதி அடுப்பை அப்படியே விட்டு, கையில் கரண்டியோடு, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று குடிசைக்குள் ஓடினாள். வௌவால் வாயை மூடிக்கொண்டது. அந்த ஓட்டத்தை அதனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கீழே இறங்கி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தது. "காக்கா பேசல. தேரை பேசல. ரெண்டும் நான்தான்."

சொன்னது கீச்சென்று, நூல் போன்ற ஒரு குரல். மருதி சுற்றுமுற்றும் பார்த்தாள். "இது யாரு குரல்?"

"என்னுது."

"இதுவா?"

"அதான் வெளிய எடுக்கிறதில்ல," என்றது வௌவால். "இன்னும் ஒரு கிளை இருக்கில்ல? என்கிட்டக் குடு. என் குகையில வெயில் வராது, மழை வராது. ரெண்டு பக்கமும் வாய். காத்து பூனை மாதிரி ஒரு வாயில நுழைஞ்சு மறு வாயில போவும். அங்க விழுந்த இலைகூட வாசம் விடாமதான் உலரும்."

மருதி அதை ஏற இறங்கப் பார்த்தாள். கைவசம் இருப்பது கடைசிக் கிளை. கேட்பவன் ஊரறிந்த புளுகன்.

"குடுக்கிறேன்," என்றாள். "ஆனா வாயில கவ்விக்கணும். உலர்ற வரைக்கும் விடக் கூடாது. வாய் நெறஞ்சிருந்தா உன்னால பொய் சொல்ல முடியாதுல்ல, அந்த ஒரு நம்பிக்கைதான்."

வௌவால் கவ்விக்கொண்டு குகைக்குப் பறந்தது. பாறை விளிம்பில் உட்கார்ந்து பார்த்தால், கிளை தரையின் ஈரத்தில் பட்டது. எப்படித் திரும்பினாலும் பூ ஏதாவது ஒரு கல்லில் நசுங்கியது. கடைசியில் கால் நகத்தைக் குகையின் கூரையில் மாட்டி, தலையைக் கீழே விட்டது. கிளை நடுக் காற்றில், எதையும் தொடாமல், பூவெல்லாம் கீழே பார்க்கத் தொங்கியது. ரத்தமெல்லாம் தலைக்கு இறங்கியது. உலகமே கவிழ்ந்து தெரிந்தது. விடவில்லை.

விஷயம் பரவியது. காக்கை வந்தது. "தம்பி, என் குரல்ல ஊரைக் கூட்டுவியே, இப்ப ஒரே ஒரு கா சொல்லேன் கேப்போம்." தேரை வந்தது. "அய்யோ... பாவம்... நாக்கு... கட்டிப்போச்சா?" புருசன் குரங்கும் வந்தான். "என் பொண்டாட்டி மாதிரி ஒருக்கா திட்டுப்பா. நாங்க சண்டை போட்டு நாளாச்சு."

எல்லாருக்கும் சுடச்சுடப் பதில் நாக்கின் நுனியில் இருந்தது. குரங்குக்குச் சொல்ல வேண்டியதோ தேன் மாதிரி இருந்தது. வாயைத் திறந்தால் கிளை விழும். ஒவ்வொரு பதிலையும் வௌவால் கடித்து விழுங்கியது. மலையிலேயே பெரிய வாயாடி, மலையிலேயே பெரிய மௌனியாய்த் தொங்கியது. காக்கைகூடக் கடைசியில் கேலியை விட்டு, வெளிச்சம் விழுந்த பக்கமாகச் சிறகை விரித்து மறைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தது.

மருதி தினமும் வந்து காம்பை வளைத்துப் பார்ப்பாள். வளைந்தது, வளைந்தது, ஒருநாள் சடக்கென்று ஒடிந்தது. பூவைக் கிள்ளி மூங்கில் குழாயில் இட்டு மூடினாள்.

வௌவாலுக்கு நிம்மதி இல்லை. வந்து வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தது.

"எத்தனை தடவடா திறப்ப? மூடு," என்றாள் மருதி.

"உள்ள புழுங்குது. மூச்சு விடட்டும்."

அவளும் மூக்கை வைத்தாள். முதலில் அறுத்த புல்லின் வாசம். பின்னொரு நாள் அது போய்விட்டது. பிறகு நாரத்தங்காய்த் தோலும் மிளகும் மழைக்குப் பிந்திய காடும் ஒன்றாக எழுந்து வந்தன. திறந்து திறந்து மூடியதில் உள்ளே ஒளிந்திருந்த ஈரம் போய், பூ பதமாகியிருந்தது. அதன் பிறகு அவளே திறந்தாள்.

சிலும்பியை நீட்டினாள். மசணன் பயந்து பயந்து இழுத்தான். மருதியும் கூரையில் தொங்கிய வௌவாலும் இருமலுக்காகக் காத்திருந்தார்கள். புகை வெண்ணெய் மாதிரி இறங்கியது.

"புள்ள," என்றான். "கூரையில ஏதோ தொங்குது பாரு. அது என்னா..." என்று கேட்டவன் முடிக்கவில்லை. குறட்டை வந்தது.

மருதி சத்தமில்லாமல் உட்கார்ந்து அழுதாள். அந்தக் குறட்டையைப் போல அருமையான சத்தத்தை வௌவால் அதுவரை கேட்டதில்லை. அதைப் போலச் செய்து பார்க்க அதற்கு மனமே வரவில்லை.

கஞ்சா அறுக்கிறவர்கள் கிளையை இருட்டில் தலைகீழாகக் கட்டி, பிறகு மூடி வைத்துத் திறந்து திறந்து மூச்சு விட வைப்பது அதிலிருந்துதான் வந்தது. அன்று கவிழ்ந்த வௌவாலும் இன்று வரை நிமிரவில்லை. மசணன் விழித்துவிடக் கூடாதே என்று, நம் காதுக்கு எட்டாத குரலில்தான் பேசிக்கொள்கிறது.