சர்பத் பாட்டில்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் சடையப்பனுக்கு அது இரண்டாவது கார்த்திகை. நாற்பத்தெட்டு வயது விவசாயி அவர். அங்கே குருவாக இருந்த மரகதம்மா அவரைவிட ஆறு வயது இளையவர். மரகதம்மா சொன்ன எல்லா வேலையையும் சடையப்பன் செய்தார். ஒன்றைத் தவிர.

கார்த்திகைக்குத் தோட்டம் முழுக்க விளக்கு வைப்பார்கள். ஊர் வீடுகளில் தூக்கிப்போடும் டப்பாக்களையும் பாட்டில்களையும் வாங்கிவந்து அந்த விளக்குகளுக்குக் கூண்டு செய்வார்கள். பால்பவுடர் டப்பாவில் ஈரமணலை இறுக்கி அடைத்து ஆணியால் தட்டினால், தகரம் நசுங்காமல் ஓட்டை விழும். பாட்டில் என்றால் அடியை வெட்டி, விளக்கின் மேல் கவிழ்ப்பார்கள்.

சடையப்பன் டப்பாவில் ஓட்டை போடுவார். பாட்டிலைத் தொடமாட்டார். யாராவது நீட்டினால் எழுந்து போய்விடுவார். மரகதம்மா காரணம் கேட்டதில்லை.

ஒரு மத்தியானம் சடையப்பனே தன் துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மரகதம்மா முன்னால் வைத்தார். மூடி இறுக்கியிருந்தது. லேபிளில் இருந்த ஆரஞ்சுப் பழம் பாதி கிழிந்திருந்தது.

"இதை ஒரு விளக்காக்கிக் கொடுங்கம்மா."

"இதுல என்ன இருந்துச்சு?"

"முதல்ல சர்பத்."

"அப்புறம்?"

சடையப்பன் கிழிந்த லேபிளை விரலால் நீவினார்.

"களைக்கொல்லி. கேன் ஒழுகுச்சு. மிச்சத்தை நான்தான் இதுல ஊத்தி அடுப்படி மூலையில வச்சேன். சாயங்காலம் எடுத்துட்டுப் போய் மேல பரண்ல வைக்கலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்."

"யார் குடிச்சா?"

"எம் பொண்ணு தேன்மொழி. ஆறு வயசு. கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் கழிச்சுப் பொறந்தவ. வெயில்ல விளையாடிட்டு தாகத்தோட வந்திருக்கா."

"உடனேவா உயிர் போச்சு?"

"ஒன்பது நாள் இருந்தா. பேசிக்கிட்டேதான் இருந்தா. வீட்டுக்கு எப்பப் போவோம்ப்பான்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

சடையப்பன் பாட்டிலைக் காட்டினார்.

"குடிச்சது என்னன்னு டாக்டருக்குக் காட்ட எடுத்துட்டுப் போன பாட்டில் இது. அதுக்கப்புறம் என்னால கீழ வைக்க முடியல."

மரகதம்மா முந்தானையால் பாட்டிலைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு கறை காய்ந்து கிடந்தது. பாட்டிலைக் கோணித் துண்டில் சுற்றி, தோட்டத்துப் பூச்சிமருந்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினார். சடையப்பனையும் கழுவச் சொன்னார்.

"இது விளக்காகாது."

"ஏம்மா? குப்பையில கெடக்கிறதையெல்லாம் விளக்காக்குறீங்க. இதுல ஒரு தடவை வெளிச்சத்தைப் பார்த்துட்டா எனக்குக் கொஞ்சம் ஆறும். கொதிதண்ணி ஊத்திக் கழுவுறேன். எத்தனை தடவை வேணும்னாலும் கழுவுறேன்."

"தோட்டத்துக்குக் குழந்தைங்க வரும்."

சடையப்பன் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஈரக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கி அடங்கும்வரை மரகதம்மா அங்கேயே நின்றார்.

"அப்ப எனக்கு என்னதாம்மா வழி?"

மரகதம்மா எதிரே, ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

"பிள்ளையோட அம்மா எங்கே?"

"அங்கம்மாவா? வீட்டுலதான்."

"கூட யாரு?"

"யாருமில்ல. காரியம் முடிஞ்ச மறுநாள் நான் சொல்லாம கெளம்பி வந்துட்டேன். அவ என்னை ஒரு வார்த்தை திட்டல. அதுதான் தாங்க முடியல."

"காலையில முதல் பஸ்ஸுக்குப் போங்க."

"கதவைத் திறக்க மாட்டாம்மா."

"வெளிய உட்காருங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அவங்க எத்தனை நாளா உள்ள உட்கார்ந்திருக்காங்க?"