யாரும் குடிபோகாத சங்குகள்

கழிமுகத்தில் ஒரு தாய் நீர்நாய் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. அந்த வருடம் மீன் வரத்து குறைவு. கிடைத்த கொஞ்சத்துக்கும் நீர்க்காகம் போட்டிக்கு வந்தது. குட்டிகளின் ஒட்டிய வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் தாய்க்கு நெஞ்சு பதைத்தது.

இந்தக் குடும்பத்தைக் கிளப்பிவிட்டால் மீன் முழுக்கத் தனக்குத்தான் என்று நீர்க்காகம் கணக்குப் போட்டது. தேனொழுகப் பேசியது. வடக்கே, உலோகம் உருக்கும் ஆலையின் வாய்க்கால் கடலில் சேருகிற இடத்தில் மட்டி குவிந்து கிடக்கிறதாம். மீனும் உண்டாம். கேட்பாரே இல்லையாம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்குமாம்.

பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார்தான் யோசிப்பார்கள்? தாய் உடனே புறப்பட்டுவிட்டது.

போய்ப் பார்த்தால், சொன்னதெல்லாம் உண்மை. தண்ணீரில் அடிமணல் தெரிந்தது. பாறையெல்லாம் மட்டி. மூத்த குட்டி ஒரு மட்டியைப் பிடுங்கி வாயில் வைத்தேவிட்டது.

அப்போது தாயின் காலில் ஒரு காலிச் சங்கு இடறியது. பக்கத்தில் இன்னொன்று. கரை நெடுகப் பெரிய பெரிய சங்குகள், உள்ளே ஆளில்லாமல்.

தாய்க்குத் திக்கென்றது. அதன் ஊரில் துறவி நண்டுகளுக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு. முதுகுக்குச் சொந்த ஓடு கிடையாது. காலிச் சங்கு பார்த்துத்தான் குடிபோக வேண்டும். ஒன்று காலியானால் போதும், வரிசை கட்டி நின்றுவிடும். சங்கு கிடைக்காமல் பாட்டில் மூடிக்குள் குடியிருக்கிற நண்டுகூட உண்டு. அப்படியிருக்க, இத்தனை மாளிகை ஏன் சும்மா கிடக்கிறது?

"துப்புடா அதை!" என்று குட்டியின் வாயிலிருந்ததைத் தட்டிவிட்டது. நல்லவேளை, மட்டியின் ஓடு இன்னும் உடையவில்லை.

ஒரு சங்கை இடுக்கிக்கொண்டு ஊர் திரும்பி, பாட்டில் மூடி நண்டின் முன் வைத்தது. நண்டு மீசையால் தொட்டுப் பார்த்துப் பின்வாங்கியது.

"எனக்கு வேண்டாம் தாயி. கறுப்புக் கறுப்பா வளையம் தெரியுது பாரு. இந்த ஓட்டக் கட்டின நத்தை வளர வளர, தண்ணியில வந்த ஈயமும் செம்பும் ஓட்டுலயே படிஞ்சிருக்கு. தண்ணி தெளிஞ்சிரும், ஓட்டுல ஏறினது போகாது."

"அப்ப அந்த மட்டி?"

"அதுவும் அந்தத் தண்ணியத்தானே குடிக்குது! தெக்குக் கரைக்குப் போ. அங்க எங்க ஆளுங்க இடமில்லாம நெருக்கியடிச்சுக் கெடக்காங்க, தண்ணி நல்லதுன்னுதானே அர்த்தம். எங்கள மட்டும் விட்டுட்டு மத்ததத் தின்னு."

நீர்க்காகம் ஒன்றும் தெரியாததுபோல் வந்து, ஏன் திரும்பிவிட்டாய் என்று விசாரித்தது. தாய் கோபத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

"நாளைக்கு நீங்களும் வாங்கண்ணே. அங்க மொத மீனு நீங்கதான் தின்னணும்."

வயிறு சரியில்லை என்று முனகிக்கொண்டே நீர்க்காகம் பறந்துவிட்டது.

தெற்குக் கரையில் குட்டிகள் வயிறாரத் தின்றன. தாய்க்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மூத்ததின் வாயை நக்கி நக்கித் துடைத்தது. துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தது.

தெளிந்த தண்ணீரை நம்பிப் பிள்ளைக்கு ஊட்டிவிடக் கூடாது; அந்தத் தண்ணீரிலேயே வாழ்ந்தவர்களின் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே ஊட்ட வேண்டும்.