பத்துத் தண்ணீரில் கழுவிய கருவாடு

முன்னொரு காலத்திலே, ஏழு கழிமுகம் தாண்டி வரும் கடலோரச் சீமையை மாறவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். வஞ்சிரக் கருவாடு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பார்த்தால் ராஜாவின் கால் இரண்டும் பூசணிக்காயாய் வீங்கிக் கிடந்தன. அமுக்கினால் குழி விழுந்தது. விழுந்த குழி எழவேயில்லை. சிவக்கொழுந்து வைத்தியர் நாடி பார்த்தார்.

“சிறுநீரகம் களைத்துவிட்டது, மகாராஜா. உப்பை விடுங்கள். கருவாடு வேண்டாம்.”

“மீனுமா போச்சு?”

“மீன் உண்டு. புதுமீன், மிளகும் பூண்டும் தடவி, வாழையிலையில் சுட்டு, உள்ளங்கையளவு ஒரே துண்டு.”

“யார் உள்ளங்கை? நம் யானைப்பாகனுடையதா?”

“சாப்பிடுகிறவருடையது.”

ராஜாவின் முகம் தொங்கிப்போயிற்று. மடைப்பள்ளி அதிகாரி தாண்டவராயருக்கு வைத்தியரைக் கண்டாலே வயிறெரியும். அவர் ராஜாவின் காதோரம் குனிந்தார். “பிரபு, கருவாட்டை ஏழு தண்ணீரில் கழுவித் தருகிறேன். அப்புறம் அதில் உப்பு ஏது?”

பத்து நாள் ராஜா அதைத்தான் தின்றான். வேறெதிலும் ஒரு கல் உப்புச் சேர்க்கவில்லை. வீக்கமோ முழங்காலுக்கு ஏறியது, மூச்சும் வாங்கியது.

ராஜா சபையில் சீறினான். “வைத்தியரே, கருவாட்டையும் ஏழு தண்ணீரில் கழுவித்தான் தின்றேன். உப்பை விட்டும் கால் வடியவில்லை. பொழுது சாய்வதற்குள் உம் பேச்சு மெய்யென்று காட்டும். இல்லாவிட்டால் பெண்டு பிள்ளைகளோடு நாட்டை விட்டுப் போய்விடும்!”

மந்திரி கார்மேகம் எழுந்தார்.

“ராயரே, ராஜா பத்து நாளில் தின்ற அளவுக் கருவாட்டை உம் கையாலேயே கழுவும். ஏழு தண்ணீர் போதுமா?”

“பத்துத் தண்ணீரில் கழுவுகிறேன், மந்திரியாரே! சபையே சாட்சி!”

கழுவினார். சபை நடுவே இரண்டு அடுப்பு மூட்டினார்கள். ஒரே குடத்து ஆற்றுநீரை இரண்டு சட்டியிலும் ஊற்றினார் மந்திரி. ஒன்றில் மட்டும் கருவாட்டைப் போட்டு வேகவைத்து, எடுத்துவிட்டு, நீரை வடிகட்டி மறுபடி ஏற்றினார். இரண்டும் வற்றத் தொடங்கின.

ஒரு சட்டி வெறுமையாய்க் காய்ந்தது. மற்றதன் ஓரம் மெல்ல நரைத்தது. நீர் இறங்க இறங்க வெள்ளை ஏறியது. கடைசிச் சொட்டும் சுர்ரென்று போனபோது, அடியில் உப்பு பாளம் பாளமாகக் கிடந்தது.

மந்திரி அதைச் சுரண்டி ராஜாவின் கையில் போட்டார். கை நிறைந்து வழிந்தது.

“இவ்வளவுமா எனக்குள்ளே போயிற்று?”

“பத்துத் தண்ணீருக்கும் தப்பியது இது, மகாராஜா.”

ராஜா கண்கொட்டாமல் பார்த்தான். குரல் இறங்கிப்போயிற்று. “ஒரு கடலையே உள்ளே கொட்டியிருக்கிறேன். கைப்பிடியளவுச் சிறுநீரகம்... பத்து நாளாய் யாரிடமும் முறையிடாமல் இதைச் சுமந்திருக்கிறதே!”

தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். மோதிரத்தைக் கழற்றி வைத்தியர் விரலில் அணிவித்து, “இனி என் இலையில் என்ன விழும் என்பது உம் வாக்கு” என்றான். பிறகு திரும்பினான்.

“ராயரே, கழுவுவதில் உம்மை மிஞ்ச ஆளில்லை. இன்றுமுதல் மடைப்பள்ளிப் பாத்திரம் அத்தனையும் உமக்குத்தான். முதலில் இந்தச் சட்டி.”

சிரித்துக்கொண்டே சபை கலைந்தது. தாண்டவராயர் தனியே நின்றார். பிறகு பட்டு அங்கவஸ்திரத்தால் சூடான சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கிணற்றடியைப் பார்த்து நடந்தார்.