சிவப்பு ஸ்டிக்கர், நீல ஸ்டிக்கர்

கைத்துப்பாக்கிக் கிளப்பில் குண்டு துளைத்த குறி அட்டைகளின் ஓட்டைகளை ஸ்டிக்கர் ஒட்டி மூடுவதுதான் பவளக்கொடியின் வேலை. அங்கே இரண்டு கட்சி. ஓடிக்கொண்டே சுடுவதுதான் வீரம் என்பார் வேதநாயகம். சுவருக்குப் பின்னால் ஒளிந்து சுடுவதுதான் விவேகம் என்பார் குமரகுருபரன். ஒருத்தர் போட்ட ஓட்டை இன்னொருத்தர் பேரில் போய்விடக் கூடாதாம். அதனால் ஓட்டக் கட்சிக்குச் சிவப்பு ஸ்டிக்கர், ஒளிவுக் கட்சிக்கு நீலம்.

போட்டி முடிந்ததும் கோப்பைக்காக மீசைகள் முட்டிக்கொண்டன. கடைசியில் இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எந்தக் கட்சி ஒசத்தின்னு நீயே சொல்லும்மா. தப்பாச் சொன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

யாரைச் சொன்னாலும் மற்றவர் சீட்டைக் கிழிப்பார். பவளக்கொடி பதறவில்லை. உள்ளே போய் ஒரு வெள்ளை அட்டையைத் தூக்கி வந்தாள். எதிரி அட்டைகளுக்கு நடுவே வைக்கும், கைகளை உயர்த்தி நிற்கும் அப்பாவியின் படம் அது. அவன்மேல் குண்டு படவே கூடாது என்பது இரண்டு கட்சிக்கும் பொது விதி. அவன் உடம்பெல்லாம் சிவப்பும் நீலமுமாக அம்மை போட்டிருந்தது.

"எதிரி அட்டையில எனக்கு ஒட்டுற வேலையே இல்லீங்க. ஓடிச் சுட்டாலும் ஒளிஞ்சு சுட்டாலும் செத்தது இவன்தானுங்க. கோப்பைய இவன் பொண்டாட்டிகிட்ட குடுத்துருங்க."