கம்பெனித் தொப்பி

தென்காசியில் குற்றாலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு முகப்பெல்லாம் கண்ணாடி. பல வருடங்களாக அதைத் துடைத்துவந்தவர் இசக்கியப்பன். ஒரு நாள் அண்ணாச்சி, "நாடு பூரா கிளை வச்சிருக்க கம்பெனிக்குக் குடுத்தாச்சு. நீ வேற இடம் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கம்பெனிக்குத் தென்காசியில் ஆள் இல்லை. அது தேடிப் பிடித்தது இசக்கியப்பனைத்தான். நீலச் சட்டையும் தொப்பியும் மாட்டி, குறைந்த கூலிக்கு அதே கடைக்கு அனுப்பியது.

அண்ணாச்சிக்கு அடையாளம் தெரியவில்லை. "சாருக்கு டீ சொல்லுங்க" என்றார். துடைத்த கண்ணாடியைப் பார்த்ததும், பழைய ஆளை மட்டம்தட்ட ஆசை வந்தது. கடைப் பிள்ளைகளும் கேட்கட்டும் என்று போனில் ஸ்பீக்கரைப் போட்டு இசக்கியப்பனைக் கூப்பிட்டார்.

வெளியே ஏணியில் நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை எடுத்தார்.

"கம்பெனிக்காரன் துடைச்சிருக்க அழகை வந்து பாருடே. இதே மாதிரி துடைச்சுக் காட்டு, வேலையை உனக்கே தாரேன்."

"இதே மாதிரின்னா, இம்மி குறையாமலா?"

"ஆமாடே. உன்னால ஆகாது."

"பிறகு பேச்சு மாறக் கூடாது அண்ணாச்சி."

"கடையே கேட்டுக்கிட்டு நிக்கி. மாற மாட்டேன்."

இசக்கியப்பன் இறங்கி உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். "துடைச்சாச்சு அண்ணாச்சி."

யாரும் சிரிக்கவில்லை.

"தொப்பி போட்டிருந்ததால தெரியலடே" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

"தொப்பி இந்த வாரம்தான். அதுக்கு முன்னால இத்தனை வருசமும் வெறுந்தலையோடதான வந்தேன்?"

வேலை திரும்பக் கிடைத்தது. அதைச் சொன்னபோது அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவருக்கும் ஏனோ தலை நிமிரவில்லை.